தண்ணீர் கேட்ட காட்டேரி

அத்தியாயம் 9

“முதல்ல அந்தக் கத்திரிக்கோலைக் கீழ வைங்க” என்றாள் அண்ணி.

தையலக்கா வைக்கவில்லை. கத்திரியின் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த அந்த உடுப்பு அறையில் அந்தக் கிரீச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கத் துணி. எலும்பு வரைந்த கறுப்புச் சட்டைகள் ஒரு பக்கம், பிணங்களுக்கான வெள்ளை அங்கிகள் ஒரு பக்கம். நடுவில் தையல் மெஷின் மேல் சிவப்பு உள்துணி வைத்த பெரிய கறுப்பு அங்கி ஒன்று குப்புறக் கிடந்தது.

“வைக்கறேன். ஆள் யாருன்னு சொல்லுங்க, அவன் வயித்துல வைக்கறேன்” என்றாள் தையலக்கா.

“அண்ணி, அக்கா வேலையா இருக்காங்க போல. நாம இன்னொரு நாள் வரலாமா?” என்று பின்னாலிருந்து ரேடியோ கிசுகிசுத்தான்.

அண்ணி என்பவள் உண்மையில் ரேடியோவுக்கு மட்டும்தான் அண்ணி. அவன் அண்ணனைக் கட்டிக்கொண்டவள். ஆனால் அவளுடைய துப்பறியும் ஆபீசுக்கு வருகிறவர்கள், போலீஸ் ஸ்டேஷன் ஆட்கள் எல்லாருமே அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ரேடியோவை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. வண்டி ஓட்ட வந்தவன், வாயை ஓட்டிக்கொண்டு தங்கிவிட்டான். வயசு நாற்பதைத் தாண்டியும் அந்த வாய்க்கு அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறதென்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது.

நேற்று மாலை இரண்டு பேரும் இதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ இழுத்துக்கொண்டு வந்திருந்தான். நாடகத்தின் பெயர் ‘காட்டேரிக்குப் பல்வலி’. முந்நூறு வயசு ரத்தக் காட்டேரிக்குக் கடைவாய்ப் பக்கம் வலி. யார் கழுத்தையும் கடிக்க முடியாமல் பட்டினி கிடந்து, கடைசியில் ஒரு பல் டாக்டரிடம் போகிறது. டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிவிடுகிறார். காட்டேரி கோபித்துக்கொண்டு தன் சவப்பெட்டிக்குள் போய்ப் படுத்து மூடிக்கொள்கிறது. டாக்டர் மூடியைத் திறந்தால் பெட்டி காலி. அடுத்த நொடி அரங்கின் பின்வாசலிலிருந்து காட்டேரி அலறிக்கொண்டு ஜனங்களுக்கு நடுவே ஓடிவரும்.

வித்தை ரொம்பச் சின்னது. பெட்டியின் அடிப்பலகையும் மேடைப் பலகையும் சேர்ந்து திறக்கும். ஆள் கீழே கிடக்கிற தடித்த மெத்தையில் விழுந்து, மேடைக்கு அடியில் இருக்கும் வழியாகப் பின்வாசலுக்கு ஓடுவான்.

நேற்று மெத்தை அதன் இடத்தில் இல்லை. கல்தரைதான் இருந்தது.

காட்டேரியாக நடித்தவனை எல்லாரும் சின்னவர் என்பார்கள். தையலக்காவின் ஒரே தம்பி. இடுப்பும் முதுகெலும்பும் போய்விட்டன. இனி நடக்க மாட்டான் என்று விடிகாலையில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். போலீஸ் வந்து பார்த்து, மெத்தை சறுக்கியிருக்கும், விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

“பெட்டியைத் திறக்கற விசை யார் கையில இருக்கும் தெரியுமா?” தையலக்கா தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். “இந்தக் கையில. படுதாவுக்குப் பக்கத்துல நின்னு நான்தான் இழுத்தேன். அம்மா போனப்புறம் இந்தக் கையாலதான் அவனுக்குச் சோறு ஊட்டினேன். இதே கையால அவனைக் கீழ தள்ளியிருக்கேன். தள்ள வெச்சிருக்கான் ஒருத்தன்.”

“மெத்தையை யாரு கடைசியாப் பார்த்தது?”

“நான்தான். இடைவேளையில இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்தேன். தினமும் பார்ப்பேன்.”

“அப்ப இடைவேளைக்கப்புறம், டாக்டர் சீன் நடக்கறப்பத்தான் யாரோ இழுத்திருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ? சுண்டெலி. அவனுக்குத்தான் ரொம்ப நாளா இந்த அங்கி மேல கண்ணு. சின்னவர் படுத்தா இவனுக்குத்தானே வேஷம்? சாயங்காலம் அவன் மேடை ஏறட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

அண்ணி தலையாட்டினாள், இல்லை என்று. சுண்டெலிக்கு அந்த நாடகத்தில் ஒரே வேஷம். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்து காத்திருந்து செத்துப்போன நோயாளி. உள்ளிருந்து மட்டும் பார்க்க முடிகிற வெள்ளைத்துணியால் மூஞ்சி வரை மூடி, அந்த சீன் பூராவும் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பான்.

“துணிக்கடியில வேற ஆளை உக்கார வெச்சிருந்தா?” என்றாள் தையலக்கா.

“அக்கா, அது சுண்டெலிதான்” என்றான் ரேடியோ. “நேத்து உங்க தம்பி தண்ணி கேட்டாரு பாருங்க, அந்த இடத்துல பிணமே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுது. துணி நழுவி மூஞ்சி வெளிய வந்துருச்சு. நான் நாற்காலியிலேர்ந்து கீழ விழுந்து, எழுந்திரிக்கறப்போ அவன் மூஞ்சியைத்தான் பார்த்தேன்.”

“உண்மைதான்” என்றாள் அண்ணி. “நானும் பார்த்தேன்.”

தையலக்காவின் கை முதல் தடவையாகத் தளர்ந்தது. “அப்ப எவன்? மேடையில என் தம்பி, டாக்டரா நடிக்கறவரு, சுண்டெலி. படுதாகிட்ட நான். லைட் போடறவன் அரங்குக்குப் பின்னாடி மேல. எங்க வீட்டுக்காரரு பக்கத்து ஊர்ல அடுத்த மாசத்துக்கு அரங்கு பேசப் போயிருந்தாரு. எங்க கம்பெனியில வேற ஆளே கிடையாதே!”

“காட்டேரியே பரவாயில்ல” என்றான் ரேடியோ. “ரத்தத்தோட விட்டுரும்.”

அண்ணி மெஷின் மேலிருந்த அங்கியைத் தொட்டுப் பார்த்தாள். தோள் பக்கம் தையல் பிரித்து, இரண்டு பக்கமும் புதுத் துணி ஒட்டுப் போடப்பட்டிருந்தது.

“சுண்டெலிக்கு எதுக்கு இவ்வளவு அகலம்?”

“எங்க வீட்டுக்காரரே இன்னைக்குப் போட்டுக்கறேன்னு காலையிலயே சொல்லி அனுப்பினாரு. பாவம், இந்த வயசுல. டிக்கெட்டெல்லாம் வித்துருச்சு, மச்சான் பேரைக் கெடுக்கக் கூடாதுன்னு.” அங்கியை நீவினாள். “முன்னாடி அவருதானே காட்டேரி. இருபது வருஷம் அவரு போட்டதுதான் இது. தம்பி வந்தப்புறம் நான்தான் ரெண்டு பக்கமும் வெட்டிச் சின்னதாக்கினேன். பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல.”

அண்ணி ரேடியோவைக் கூட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே இறங்கினாள்.

மேடைக்கு அடியில் குனிந்துதான் நடக்க முடியும். ரேடியோ டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். மெத்தை இப்போது அதன் இடத்துக்கு வந்திருந்தது. ஆனால் சுவரோரம் தூசியில், அதை நேற்று இழுத்துக்கொண்டு போன தடம் அழியாமல் இருந்தது. அண்ணி முட்டிபோட்டுப் பார்த்தாள்.

“ஒரே மூச்சுல இழுக்கல. இங்க கொஞ்சம் இழுத்து நிறுத்தியிருக்கான். அப்புறம் இங்க. அப்புறம் இங்க பாரு, இந்த இடத்துல மட்டும் நீளமா ஒரே இழுப்பு.”

“மூச்சு வாங்கற ஆளு அண்ணி. கட்டில்லேர்ந்து எழுந்திரிக்கவே எங்க மாமனார் இப்படித்தான் தவணை முறையில எழுந்திரிப்பாரு.”

“தலைக்கு மேல பலகைதான். ஆள் நடந்தாலே கேக்கும். கீழ இழுத்தா மேல கேக்காதா?”

மேலே யாரோ நடந்தார்கள். காலடி ஒவ்வொன்றும் உச்சந்தலையில் விழுவது போல இருந்தது. அப்புறம் கனமான குரல் ஒன்று, “ஆரம்பிக்கலாமா?” என்றது. மேடையில் ஒத்திகை தொடங்கிவிட்டது. பேசுகிற ஒவ்வொரு சொல்லும் கீழே கிணற்றுக்குள் கேட்பது போலத் தெளிவாகக் கேட்டது. ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வா, மேல போகலாம்” என்றாள். “கேட்டா மட்டும் போதாது.”

காலி நாற்காலிகளுக்கு நடுவே முதல் வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மேடையில் தையலக்காவின் புருஷன், நாடகக் கம்பெனி முதலாளி, நின்றார். நல்ல உயரம், அகன்ற தோள், நரைத்த மீசை. கடைவாயில் நீளப் பற்களை மாட்டியிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார்.

“வாங்கம்மா. என் வீட்டுக்காரி கூப்பிட்டாளாமே. அவளுக்கு மனசு சரியில்ல. விபத்துதான்மா இது. இருந்தாலும் அவ ஆறுதலுக்குக் கேளுங்க, யாரை வேணும்னாலும் கேளுங்க. நான் மச்சானுக்காகத்தான் இந்த வயசுல பல்லைக் கட்டறேன்.”

“நீங்க நடிங்க சார். பாக்கறோம்.”

பல் டாக்டராக நடிப்பவரைப் பொய் டாக்டர் என்பார்கள். ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த கண்ணோடு வந்திருந்தார். சுண்டெலி துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் பிணமானான்.

“எவ்வளவு நாளா வலி?” என்றார் பொய் டாக்டர்.

“முந்நூறு வருஷமா.”

முதலாளி நிறுத்தினார். காலி நாற்காலிகளைப் பார்த்து, ஜனங்கள் சிரித்து முடிக்கிற அளவு நேரம் காத்திருந்தார். நகைச்சுவை நடிகர்களுக்கு இது ரத்தத்தில் ஊறின பழக்கம். ஆள் இருக்கோ இல்லையோ, சிரிப்புக்கு இடம் விட்டுத்தான் பேச வரும்.

“இத்தனை நாளா டாக்டரைப் பாக்கலையா?”

“பார்த்தேன். பார்த்த டாக்டரை மறுநாள் யாரும் பாக்கல.”

மறுபடி நிறுத்தம்.

“காலையில பல் தேய்ப்பீங்களா?”

“கண்ணாடியில என் மூஞ்சியே தெரிய மாட்டேங்குது, பல்லை எங்கன்னு தேடறது?”

பெரிய நிறுத்தம். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டான். கிழவர் நடிக்கத் தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை.

அடுத்த வசனம் சாதாரணமானது. அதில் ஒன்றுமே இல்லை. முதலாளி தலையைச் சாய்த்து, குரலைக் கீச்சென்று நடுங்க வைத்து, “கொஞ்சம்... தண்ணி... கிடைக்குமா?” என்றார்.

நிறுத்தினார். ரொம்ப நேரம்.

“வாயைக் கொப்பளி...” என்று ஆரம்பித்த பொய் டாக்டர் மேல் சீறி விழுந்தார். “யோவ், அவசரமென்னய்யா? ஜனங்க சிரிச்சு முடிக்கட்டும்!”

பொய் டாக்டர் மென்று விழுங்கினார். அண்ணியின் முதுகு நாற்காலியிலிருந்து தானாக நிமிர்ந்தது. எழுந்து மேடைப் படியேறினாள்.

“சார், ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். தண்ணி கேட்டா எதுக்குச் சிரிப்பாங்க?”

“அது அப்படித்தாம்மா. அங்க ஒரு பெரிய சிரிப்பு வரும்.”

“எப்பவுமா?”

“எப்பண்ணே வந்திருக்கு?” என்றார் பொய் டாக்டர், தன்னையறியாமல். “அது சப்பை வசனமாச்சே. நேத்து ஒரு நாள்தான் அரங்கே...” பாதியில் நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

“நேத்துதான் முதல் தடவை வந்துச்சு” என்றாள் அண்ணி. “நேத்து நீங்க பக்கத்து ஊர்ல இருந்தீங்க.”

முதலாளி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “யாராவது சொல்லியிருப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் வந்தாங்க.”

“இருக்கலாம். என்ன பண்ணிச் சிரிக்க வெச்சாருன்னு சொன்னாங்க?”

முதலாளி யோசித்தார். அந்த யோசனை கொஞ்சம் கூடப்போய்விட்டது.

“குரல்தான். குரலை இப்படி நடுங்க விட்டிருப்பான். அவன்கிட்ட வேற என்ன இருக்கு?”

“அய்யய்யோ, அது இல்ல சார்...” என்று எழுந்த ரேடியோவைக் கையமர்த்திவிட்டு அண்ணி நாற்காலிப் பிணத்தின் பக்கம் திரும்பினாள். “சுண்டெலி, நீ சொல்லுப்பா. நேத்து என்ன நடந்துச்சு?”

துணிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. “சின்னவர் திடீர்னு டாக்டர் சட்டைக் காலரை மடிச்சு விட்டாருங்க. கழுத்து நல்லாத் தெரியற மாதிரி. தூசி கூடத் தட்டினாரு. அப்புறம் கைக்குட்டையை எடுத்துத் தன் நெஞ்சுல சொருகிக்கிட்டாரு, ஓட்டல்ல சாப்பிட உக்கார்றவங்க மாதிரி. அப்புறம் சாதாரணக் குரல்லதாங்க, ரொம்ப மரியாதையாத் தண்ணி கேட்டாரு.”

“அவ்வளவுதான். பேசவே இல்ல, எல்லாம் கையில செஞ்சது” என்றாள் அண்ணி. “யாராவது வந்து உங்ககிட்ட சொல்லியிருந்தா முதல்ல காலரைத்தான் சொல்லியிருப்பாங்க. அரங்குல உக்காந்திருந்தா கண்ணாலயே பார்த்திருப்பீங்க. சிரிப்பு எந்த இடத்துல வந்துச்சு, எவ்வளவு பெருசுன்னு தெரியும். எதுக்கு வந்துச்சுன்னு தெரியாது. அப்படி ஒரு ஆள் நேத்து இருந்திருக்கக்கூடிய இடம் ஒண்ணே ஒண்ணுதான் சார்.”

செருப்புக் காலால் மேடைப் பலகையைத் தட்டினாள். அடியில் ‘டொம்’ என்று காலியாக ஒலித்தது.

“மெத்தையை இழுத்தா சத்தம் வரும்னு உங்களுக்குத் தெரியும். எந்த வசனத்துக்கு எவ்வளவு சிரிப்புன்னும் உங்களுக்குத்தான் தெரியும், இருபது வருஷம் நீங்க வாங்கின சிரிப்பு. ஒவ்வொரு சிரிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தீங்க. தடம் அப்படியே கீழ இருக்கு. நடுவுல நீங்க எதிர்பார்க்காத இடத்துல இடி மாதிரி ஒரு சிரிப்பு வந்துச்சு. மீதியை ஒரே இழுப்புல முடிச்சுட்டீங்க. முடிச்சதோட விட்டிருக்கணும். அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கலாம்னு பார்த்தீங்க.”

முதலாளி கையிலிருந்த பல்லைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேசியபோது மரியாதை போயிருந்தது.

“நல்லாக் கதை விடற. போ, ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. ஒரு வசனத்துல கொஞ்ச நேரம் நின்னாரு, அதனால அவருதான் மெத்தையை இழுத்தாருன்னு சொல்லு. அவங்க சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பும் எனக்கு வந்த கணக்குதான்.” பொய் டாக்டரைப் பார்த்தார். “சாயங்காலம் டாண்ணு ஆரம்பிக்கணும்.”

போய்விட்டார்.

“கழுத்தறுப்பு ஜோக்கு கேட்டிருக்கேன்” என்றான் ரேடியோ. “கழுத்தை அறுத்துட்டு ஜோக் அடிக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். அண்ணி, கேஸ் நிக்குமா?”

“நிக்காது. அவர் சொல்றது சரிதான்.”

பக்கத்துப் படுதா அசைந்தது. தையலக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இடது கையில் அங்கி, வலது கையில் கத்திரி.

அண்ணி பாய்ந்து போய் வழியை மறித்தாள்.

“விலகுங்க.”

“விலக மாட்டேன்.”

“ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன். குடுத்துட்டீங்க. மீதி என் குடும்ப விஷயம்.” குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “இந்த அங்கியை வெட்டினதுக்கு எனக்குத் தண்டனை குடுத்திருக்காரு. அவருக்கு என் தம்பி காலு மட்டும் போதலை. அதை என் கையால ஒடிக்கணும். ராத்திரி நான் அழுதப்போ தலையைத் தடவிக் குடுத்தாரு. மெத்தையை இழுத்த அந்தக் கையாலதானே தடவினாரு!”

“கத்திரியால குத்தினா என்ன ஆகும்? ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். நீங்க உள்ள போயிருவீங்க. உங்க தம்பிக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் இருக்காது. அவரு போட்டோல மாலையோட சிரிச்சுட்டு இருப்பாரு.” அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “அவரு எதுக்காக இதைச் செஞ்சாரு? சொல்லுங்க. காசுக்கா?”

தையலக்கா கையிலிருந்த அங்கியைப் பார்த்தாள்.

“சிரிப்புக்கு. அதுக்காக ஒரு மனுஷனையே முடமாக்கியிருக்காரு. அதைக் குடுக்காதீங்க. அதை விடப் பெரிய குத்து உங்க கத்திரியில இல்ல.”

தையலக்கா கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு, மெஷினுக்குப் போய் அங்கியின் மீதித் தையலைப் போட்டு முடித்தாள். அவ்வளவு நேர்த்தியான தையலை அண்ணி பார்த்ததில்லை.

சாயங்காலம் அரங்கின் வாசலில் தையலக்காவே நின்றாள். டிக்கெட் கிழிக்கிற அரங்கத்து ஆளை உள்ளே அனுப்பிவிட்டு, வந்த ஒவ்வொருவர் கையிலிருந்தும் டிக்கெட்டைத் தானே வாங்கினாள். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரிச் சொன்னாள்.

“நேத்துக் கீழ விழுந்தது என் தம்பி. இனி நடக்க மாட்டான். மெத்தையை உருவினது இன்னைக்குக் காட்டேரியா வரப்போற என் புருஷன். உள்ள போய் உக்காருங்க. நல்லாப் பாருங்க.”

சிரிக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சிலர் திரும்பிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் குரல் தாழ்த்தி உள்ளே போனார்கள். அண்ணி கூப்பிட்டதற்காக இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து முதல் வரிசையில் அரை மனசாக உட்கார்ந்தார்.

“அண்ணி, நான் வெளியவே நிக்கட்டுமா?” என்றான் ரேடியோ. “எங்க அப்பா சாவுலயே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் கெடுத்துருவேன்.”

“உள்ள வா. உனக்கே வரலேன்னா யாருக்கும் வராது.”

படுதா விலகியது. முதலாளி புகைக்கு நடுவே வந்து அங்கியை விசிறி நின்றார். வழக்கமாக அங்கே கைதட்டல் கூரையைப் பிய்க்கும். ஒருவரும் அசையவில்லை. முதல் அரைமணியை அவர் வேகத்தால் ஓட்டினார். இடைவேளையில் ஒருவர்கூட வெளியே எழுந்து போகவில்லை. அந்த நிசப்தம் படுதாவைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் சீன் வந்தது.

“எவ்வளவு நாளா வலி?”

“முந்நூறு வருஷமா.”

நிறுத்தினார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“பார்த்த டாக்டரை மறுநாள் யாரும் பாக்கல.”

காத்திருந்தார். யாரோ ஒருவர் இருமினார், அதையும் பாதியில் அடக்கிக்கொண்டார்.

அண்ணி பக்கத்தில் பார்த்தாள். ரேடியோவின் வாய் இறுக மூடியிருந்தது. அவன் கண் மேடையில் இல்லை. மடியில் கோத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடி வசனத்துக்கு முதலாளி கூடுதலாக ஒரு குட்டிக்கரணம் போட்டார். மூச்சு வாங்கியது. பல் ஒன்று நழுவி உதட்டில் தொங்கியது. தண்ணீர் கேட்கும் இடத்தில், பொய் டாக்டரின் காலரை மடித்தே விட்டார், கைக்குட்டையைச் செருகினார். சுண்டெலி சொன்னதை அப்படியே செய்தார். முந்நூறு ஜோடிக் கண்கள் அவரை வெறுமனே பார்த்தன. வியர்வையில் முகத்து வெள்ளை மாவு கோடு கோடாக வழிந்தது. இப்போது அவர் உண்மையாகவே செத்துப்போன ஆள் மாதிரிதான் இருந்தார்.

“என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?” என்று சபையைப் பார்த்துக் கேட்டார். அது நாடகத்தில் இல்லாத வசனம்.

பதில் வரவில்லை.

பொய் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கினார். காட்டேரி கோபித்துக்கொண்டு பெட்டிக்குப் போக வேண்டும். முதலாளி போனார். ஒரு காலைப் பெட்டிக்குள் வைத்தார். அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தார். படுதாவின் நிழலில் தையலக்கா விசையில் வலது கையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க இறுகிக் கிடந்த அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

அவர் காலை வெளியே எடுத்தார்.

“படுங்க சார்” என்றார் பொய் டாக்டர். “முந்நூறு வருஷமாப் படுக்கற பெட்டிதானே. இன்னைக்கு மட்டும் என்ன?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“கீழ மெத்தை இல்ல.”

“இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

முதலாளி மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவர் சபைப் பக்கம் ஓடிவந்து, மேடை விளிம்பில் நின்று, இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்.

“அவ இழுத்துட்டா! நேத்து நான் இழுத்த மாதிரியே இன்னைக்கு அவ இழுத்து வெச்சிருக்கா! என்னைக் கொல்லப் பாக்கறா! போய்ப் பாருங்கய்யா, யாராவது கீழ போய்ப் பாருங்க!”

சொன்னது என்ன என்று அவருக்கே கடைசியில்தான் உறைத்தது. பேயறைந்த மாதிரி நின்றார். கை விரித்தபடியே, வாய் திறந்தபடியே, பழக்கம் விடாமல் காத்திருந்தார். முதல் வரிசையில் இன்ஸ்பெக்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைப் படியை நோக்கி நடந்தார்.

ரேடியோ டார்ச்சோடு கீழே இறங்கி ஓடினான். திரும்பி வந்து அண்ணியின் காதில் சொன்னான். “மெத்தை போட்ட இடத்துலயே இருக்கு அண்ணி. நகரவே இல்ல.”

அரங்கு காலியான பிறகு அண்ணி உடுப்பு அறைக்குப் போனாள். கைதியாகப் போனவர் கழற்றிப் போட்ட அங்கி மூலையில் கிடந்தது. தையலக்கா அதைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு போர்வையையும் ஃபிளாஸ்க்கையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“போதுமாக்கா?” என்றாள் அண்ணி.

தையலக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க போதும்? உள்ள இருக்கறவங்களை வாரம் ஒரு தடவை பாக்க விடுவாங்களாமே. போவேன். ஒரு வாரம்கூட விடாம போவேன். எதிர்ல உக்காருவேன். கொஞ்ச நாள் பேசாம இருப்பாரு. அப்புறம் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பாப்பாரு, வேற என்ன தெரியும் அவருக்கு? நல்லாத்தான் சொல்லுவாரு. கல்யாணம் ஆன புதுசுல நான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சொல்லி முடிச்சுட்டு, என் மூஞ்சியைப் பாத்துட்டுக் காத்திருப்பாரு. நானும் பாத்துட்டே இருப்பேன்.”